டாக்காவுக்குப் போன மிக்-21: 1/72 மாதிரி, ஐந்தாவது வாரம்

செப்டம்பர் 26, 2025 அன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானத்துக்கு விடைகொடுத்ததை நேரலையில் பார்த்தேன். அன்று ராத்திரியே, நாலு வருஷமாகப் பிரிக்காமல் கிடந்த அதன் மாதிரிக் கிட்டை (நிஜத்தில் 72ல் ஒரு பங்கு அளவு) அலமாரியிலிருந்து இறக்கிவிட்டேன். 1963ல் அதே சண்டிகரில்தான் 28-வது படைப்பிரிவோடு இந்திய விமானப்படையில் மிக்-21இன் கதை தொடங்கியது.

2019ல் அபிநந்தன் ஓட்டிய பைசனை (மேம்படுத்திய மிக்-21) செய் என்றார்கள் நண்பர்கள். என் மனசு 1971 போரிலேயே நிற்கிறது. டிசம்பர் 14 அன்று, அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானின் டாக்கா கவர்னர் மாளிகையில் முக்கியமான கூட்டம் என்று தகவல் வந்தது. விங் கமாண்டர் பிஷ்ணோய் தலைமையில் 28-வது படைப்பிரிவின் நாலு மிக்-21 எஃப்.எல். ரக விமானங்கள் அதைத் தாக்க கௌஹாத்தியிலிருந்து கிளம்பின. மாளிகையை அடையாளம் காணக் கையில் இருந்தது ஒரு சுற்றுலா வரைபடம். கவர்னர் மாலிக் அன்றைக்கே ராஜினாமா செய்தார். இரண்டு நாளில் பாகிஸ்தான் படை சரணடைந்தது.

அந்தத் தாக்குதல் ராக்கெட்டால் நடந்தது என்பதால், என் நேரம் முழுக்க ராக்கெட் கூடுகளுக்கே போனது. இறக்கைக்கு ஒன்று, கூட்டுக்கு 16 ராக்கெட். கிட்டில் வந்தவை முகம் மொழுக்கென்று இருந்தன. ராக்கெட்டின் குறுக்களவான 57 மி.மீ.யை 72ஆல் வகுத்தால் சுமார் 0.8 மி.மீ. வருகிறது. அந்த அளவில் துளைத்தபோது ஒரு துளை இன்னொன்றோடு சேர்ந்து உடைந்தது. புட்டி (putty) பசை வைத்து அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, 0.6 மி.மீ. டிரில்லைக் கையால் திருகித் திருகி மறுபடி போட்டேன். 32 துளைக்கு மூன்று சாயங்காலம். இப்போது விளக்கடியில் பிடித்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் இருட்டு தெரிகிறது.

மூக்குக் கூம்புக்குள் தூண்டில் ஈயக்குண்டு வைத்தாயிற்று, இல்லாவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும்.

இறக்கையின் முன்விளிம்பை உப்புத்தாளால் தேய்க்கும்போது மனசு கனத்தது. முழு இறக்கையும் என் மாதிரியில் 10 செ.மீ.தான், நிஜத்தில் ஏழு மீட்டர் சொச்சம். இவ்வளவு சின்ன முக்கோண இறக்கை வேகத்துக்கு அருமை. ஆனால் இறங்கும்போதும் மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் வேகம் வேண்டும். மெதுவான பயிற்சி விமானத்திலிருந்து நேராக இதில் ஏறிய இளைஞர்கள் எத்தனை பேர்! இடைப்பட்ட பயிற்சிக்கு ஹாக் என்ற ஜெட் விமானம் வந்ததே 2008ல்தான். மிக் ரக விபத்துகளில் 171 விமானிகள் இறந்ததாக 2012ல் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். ‘பறக்கும் சவப்பெட்டி’ என்ற பெயர் எனக்குப் பிடிக்காது. அதை ஓட்டி நாட்டைக் காத்தவர்களும் அதிலேயே உயிர்விட்டவர்களும் ஒரே படையின் பிள்ளைகள்.

வண்ணத்துக்கு ஏர்பிரஷ் (காற்றால் வண்ணம் தெளிக்கும் கருவி) வேண்டாம் என்று முடிவு. போர் நெருங்கிய சமயத்தில் பளபளத்த வெள்ளி உடம்பின்மேல், விமானத்தளத்திலேயே அவசரமாக உருமறைப்பு அடித்தார்கள்; படைப்பிரிவுக்கு ஒரு தினுசு. அதனால் முதலில் அலுமினியம், அதன்மேல் தூரிகையால் பச்சை. இரண்டாவது பூச்சு திட்டுத்திட்டாக விழுந்தது. அதை அப்படியே விட்டிருக்கிறேன், பழைய புகைப்படங்களிலும் அப்படித்தான் இருக்கிறது.

விமானப்படையின் வட்டச் சின்னத்துக்கான டெக்கால் (ஒட்டுப்படம்) மஞ்சள் பூத்திருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் வெயில்படும்படி ஒட்டிவைத்திருக்கிறேன். வெள்ளை வளையம் வெளுத்ததும் இடது இறக்கையிலிருந்து ஆரம்பிப்பேன்.