கொப்பரை காயும் சாலை

பசிலானுக்குப் போகிறேன் என்று சொன்னதும், முன்பு என்னோடு வேலை பார்த்த பிலிப்பினோ பொறியாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இன்ஷூரன்ஸ் இருக்கா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் பதில் வரும்வரை காத்திருந்தார். இல்லை என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார், அப்புறம் அவரே பசிலானின் லமிதான் ஊரில் இருக்கும் தன் மாமாவின் நம்பரைக் கொடுத்தார். மாமா வேன் ஓட்டுகிறார். "அவர் போகலாம்னு சொன்னா போங்க, திரும்பலாம்னு சொன்னா திரும்பிடுங்க, நடுவுல எதுவும் பேசாதீங்க" என்பதுதான் ஒப்பந்தம்.

பிலிப்பைன்ஸின் தென்மேற்கு மூலையில் சம்போவாங்கா நகரத்துக்கு நேர் எதிரே கடலில் கிடக்கிறது பசிலான் தீவு. சுமார் 1,300 சதுர கிலோமீட்டர். படகில் ஒரு மணி நேரம் கூட ஆகாது. நான் போன அன்று படகு கிளம்பவே இரண்டு மணி நேரம் தாமதம், அதைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால் கட்டுரை முழுக்க அதுதான் இருக்கும். நல்லவேளை, துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே சத்தி கிடைத்தது. குச்சியில் குத்திச் சுட்ட சின்னச் சின்னக் கறித்துண்டுகளை ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று ஒரு காரக் குழம்பில் போட்டு, கூடவே வேகவைத்து அழுத்திய சோற்றுக் கட்டியும் தருகிறார்கள். காலை ஆறு மணிக்கு இதைச் சாப்பிடும் ஊர் எனக்குப் பிடிக்காமல் போகுமா?

நான் சாலை வேலை பார்த்தவன். ஊர் சுற்றப் போனாலும் கண் சாலையைத்தான் பார்க்கும்: கான்கிரீட் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் விட்ட இடைவெளி, தண்ணீர் எங்கே வடிகிறது, சிறுபாலம் அடைத்திருக்கிறதா. பசிலானுக்குப் போனதே ஒரு சாலையைப் பார்க்கத்தான். தீவைச் சுற்றி வளைத்து ஓடும் அந்தச் சாலை பயங்கரவாதத்தை ஒழித்தது என்று ராணுவக் கட்டுரைகளில் இருபது வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சாலை அதையெல்லாம் செய்யுமா என்பது எனக்கு ரொம்ப நாள் சந்தேகம்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். அபு சய்யாஃப் என்ற ஆயுத இயக்கம் 1990-களின் தொடக்கத்தில் உருவானது. ஆரம்பித்த அப்துரஜக் ஜன்ஜலானி இந்தத் தீவுக்காரர், 1998 டிசம்பரில் இங்கேதான் போலீஸாரால் கொல்லப்பட்டார். 2001 மே மாதம் இந்த இயக்கத்தினர் பலவான் தீவுப் பக்கம் ஒரு கடற்கரை விடுதியிலிருந்து 20 பேரைக் கடத்தினார்கள், அதில் மூன்று பேர் அமெரிக்கர்கள். கடத்தியவர்களைக் கொண்டுவந்த இடம் பசிலான். ஜூன் 2-ஆம் தேதி லமிதானில் தேவாலயத்துக்கும் அதை ஒட்டிய மருத்துவமனைக்கும் உள்ளே புகுந்தார்கள், ராணுவம் சுற்றி வளைத்தது, ஆனாலும் பணயக் கைதிகளோடு வெளியேறிவிட்டார்கள். எப்படி வெளியேறினார்கள் என்ற கேள்வியை லமிதானில் யாரிடமும் கேட்காதீர்கள், ஆளுக்கொரு பதில் வரும், எல்லாமே கோபமான பதில். நான் அந்தத் தேவாலயத்தின் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஐஸ் தின்றுகொண்டிருந்தார்கள்.

2002 தொடக்கத்தில் அமெரிக்க ராணுவம் வந்தது. ஆனால் வெளிநாட்டுப் படை தங்கள் மண்ணில் சண்டை போட பிலிப்பைன்ஸ் அரசியலமைப்பு இடம் கொடுக்கவில்லை, அது நீதிமன்றம் வரை போன விவகாரம். அதனால் பயிற்சி, ஆலோசனை, அதோடு கட்டுமானம் என்று பிரித்துக்கொண்டார்கள். கடற்படையின் கட்டுமானப் பிரிவிலிருந்து 300-க்கும் மேற்பட்டவர்கள் இறங்கி, சுமார் 80 கிலோமீட்டர் சாலையைச் சீர்செய்தார்கள், கிணறு தோண்டினார்கள், படகுத்துறையையும் விமான ஓடுதளத்தையும் சரிசெய்தார்கள். சாலை போட்டதன் முதல் நோக்கம் ராணுவ லாரி உள்ளே போவதுதான், அதில் ஒளிவுமறைவு கிடையாது. விவசாயியின் கொப்பரை வெளியே வந்தது அதே சாலையின் மறுபக்கம். இதற்குத்தான் பிறகு ‘பசிலான் மாடல்’ என்று பெயர் வைத்தார்கள்.

மாமா (அவர் பெயரைப் போடவில்லை, எல்லோரும் மாமா என்றே கூப்பிட்டோம்) யாகான் இனத்தவர். அந்த வருடங்களை அவர் வேறு மாதிரி சொன்னார். "சாலை வர்றதுக்கு முன்னாடி மழைக்காலத்துல என் மனைவிக்குப் பிரசவ வலின்னா தூளி கட்டித் தூக்கிட்டுத்தான் போகணும். சாலை வந்தப்புறம் வண்டியில போனோம். ஆனா அதே சாலையில கடத்தறவனும் வண்டியில போனான்." இவ்வளவுதான் சொன்னார். நான் படித்த கட்டுரைகள் எதிலும் அந்த இரண்டாவது பாதி இல்லை.

அவர் சொன்னது உண்மை என்பதற்குத் தேதிகள் இருக்கின்றன. அமெரிக்கர்கள் வேலை முடித்ததும் ஆயுதக்காரர்களில் பலர் சுலு மாகாணத்தின் ஹோலோ தீவுக்கு நகர்ந்தார்கள், அவர்களைத் தேடி அங்கேயும் சண்டை, அங்கேயும் சாலை. பசிலானில் 2016 ஏப்ரலில் திபோ-திபோ பக்கம் ஒரே நாளில் 18 ராணுவத்தினர் இறந்தார்கள். 2018 ஜூலை 31 அன்று லமிதானில் ஒரு சோதனைச் சாவடியில் வேன் நிறைய குண்டோடு வந்து வெடித்ததில் சுமார் 10 பேர் போனார்கள். வேன் வந்தது சாலை வழியாகத்தானே? சாலை போடும் வேலைக்குக் காவல் நின்றவர்களே சுடப்பட்ட சம்பவங்களும் உண்டு. அவ்வளவு ஏன், 2025 ஜனவரியில் இதே தீவின் சுமிசிப்பில் ஐ.நா. வளர்ச்சித் திட்டக் குழுவுக்குப் பாதுகாப்பாகப் போன ராணுவத்தினரில் இருவர் பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்டார்கள், அது அபு சய்யாஃப் செய்தது கூட அல்ல.

இதைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. க்ராஸ்ட், ஃபெல்டர், ஜான்ஸ்டன் என்ற மூன்று பேர் 2014-ல் வெளியிட்டது. பிலிப்பைன்ஸ் அரசின் கலாஹி-சித்ஸ் என்ற ஊரக உள்கட்டமைப்புத் திட்டத்தில் மிக ஏழை நகராட்சிகளுக்கு மட்டும்தான் பணம், ஒரு கோடு போட்டு அதற்குக் கீழே இருந்தால் உண்டு, மேலே இருந்தால் இல்லை. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்த ஊரையும் கொஞ்சம் மேலே இருந்த ஊரையும் ஒப்பிட்டார்கள். பணம் வந்த ஊரில் சண்டை கூடியிருந்தது, அதுவும் ஒரு கல்லைக்கூட வைப்பதற்கு முன், கூட்டம் போட்டுத் திட்டம் பேசும் நாட்களிலேயே. திட்டம் ஜெயித்தால் ஜனங்கள் அரசு பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்று கிளர்ச்சிக்காரர்களுக்குத் தெரியும், அதனால் முளையிலேயே கிள்ளப் பார்க்கிறார்கள். அதே ஆய்வாளர்கள் பிறகு ஏழைக் குடும்பங்களுக்கு நேராகப் பணம் கொடுக்கும் திட்டத்தைப் பார்த்தபோது சண்டை குறைந்திருந்தது. பணத்தை எங்கே போய்க் குண்டு வைப்பது? பாலம் என்றால் ஓர் இடத்தில் நிற்கும்.

சாலைக்காரனான எனக்கு இது கசப்பு. ஆனாலும் வண்டியில் உட்கார்ந்து அந்தச் சாலையைப் பார்த்தபோது முழுக்க ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. 2002-ல் போட்டது சரளைதான். இப்போது பெரும்பாலும் கான்கிரீட், பிலிப்பைன்ஸ் அரசே போட்டது. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகிறது, காய்ச்சிய பாலுக்கும் அழுகிய பாலுக்கும் நடுவில் ஒரு நாற்றம், குலசேகரம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சில இடங்களில் ஓரம் அரித்திருந்தது, ஒரு சிறுபாலத்தில் பாதி வழி மண். யாரோ பராமரிக்கிறார்கள், ஆனால் அவசரமில்லாமல். அது எனக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது.

ஒரு கிராமத்தில் மாமா வண்டியை நிறுத்திக் காட்டியது வெறும் கான்கிரீட் தளம். ஒரு முனையில் கூடைப்பந்து வளையம், வலை கிழிந்து தொங்கியது. இதை ‘சோலார் டிரையர்’ என்கிறார்கள். நான் ஏதோ சூரிய சக்தி இயந்திரம் என்று நினைத்துத் தேடினேன், மாமா சிரித்தார். நம்ம ஊர்க் களம்தான் அது! கொப்பரை காயப்போட, சாயங்காலம் பந்து விளையாட, தேர்தல் வந்தால் கூட்டம் போட. அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் 1990-களிலிருந்தே தெற்குப் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ பகுதி முழுக்க இந்த மாதிரிச் சின்ன வேலைகள் செய்தது, களம், தானியக் கிடங்கு, படகுத்துறை, நடைபாலம், கடற்பாசி வளர்க்க உதவி. 2025-ல் அந்த நிறுவனமே மூடப்பட்டுவிட்டது. ‘அமெரிக்க மக்களிடமிருந்து’ என்று எழுதிய பலகை மட்டும் துருப்பிடித்து ஓரமாக நின்றது, அதில் யாரோ சட்டை காயப்போட்டிருந்தார்கள்.

"இதுக்கு ஒரு தடவை கூட யாரும் குண்டு வைக்கலயா?" என்று கேட்டேன். "இதுல எவன் வைப்பான், அவன் தம்பியே இங்கதானே விளையாடறான்" என்றார்.

துப்பாக்கியை ஒப்படைத்தவர்களைப் பற்றியும் பேசினோம். முஜிவ் ஹடமான் 2011 முதல் 2019 வரை முஸ்லிம் மிண்டனாவோ தன்னாட்சிப் பகுதியின் ஆளுநராக இருந்தவர், பசிலான்காரர். அந்தக் காலத்திலிருந்து சரணடைபவர்களுக்கு வீடு, தொழில் என்று கொடுத்து ஊருக்குள் திரும்பக் கூட்டிவரும் வேலை நடந்தது, கூப்பிடப் போனது பெரும்பாலும் சொந்தக்காரர்களும் ஊர்த் தலைவர்களும். 2023-ல் சுலு மாகாணமும் 2025-ல் பசிலானும் அபு சய்யாஃப் இல்லாத இடம் என்று அறிவித்தார்கள். சாலை போட்டு 23 வருடம் கழித்து! ஒரு சாலைத் திட்டத்தின் பலனை இரண்டு வருடத்தில் அறிக்கையாகக் கேட்கும் அதிகாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களை ஒருமுறை இங்கே கூட்டிவர வேண்டும்.

சுமிசிப் தாண்டிப் போக ஆசை. மூன்று மணிக்கு மாமா வண்டியைத் திருப்பினார். ஒப்பந்தப்படி நான் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும் வழியில் சாலையின் பாதி அகலத்துக்குக் கொப்பரை பரப்பியிருந்தார்கள், இரண்டு பக்கமும் கல் வைத்து எல்லை கட்டி. நடுவில் ஒரு கிழவி துடைப்பத்தோடு. என் தொழில் புத்தி, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று கணக்குப் போட்டது. எதிரே ஒரு ராணுவ லாரி வந்தது, பின்னால் துப்பாக்கியோடு ஏழெட்டுப் பேர். லாரி வேகம் குறைந்து, கல்லுக்கு இந்தப் பக்கம் சக்கரத்தை ஒதுக்கி மெதுவாகக் கடந்தது. கிழவி நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை, கொப்பரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.