சென்சார் கோளாறு செய்முறைத் தேர்வு: எர்த்திலிருந்து தொடங்குங்கள்

டீசல் இன்ஜின் பழுதுபார்ப்புத் தேர்வின் முடிவு வந்துவிட்டது, தேறியாச்சு. இப்போதுதான் மூச்சு விட முடிகிறது. எழுத்துத் தேர்வுக்குப் பாடப்புத்தகம் போதும். மதிப்பெண் பறிபோவது, தேர்வுக்காக வேண்டுமென்றே கோளாறு வைத்த டீசல் இன்ஜின் முன்னால் நிற்கும்போதுதான், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

ஸ்கேனரில் (இன்ஜின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி) பி0193 என்ற கோளாறுக் கோடு (code) வந்ததும் பலருடைய கை ஸ்பேனரைத் தேடுகிறது. அந்தக் கோடு சொல்வது, ரயில் பிரஷர் சென்சாரின் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் உயரழுத்தக் குழாயான ‘ரயிலின்’ அழுத்தத்தை அளப்பது) சிக்னல் வோல்டேஜ் அளவுக்கு மேல் போயிருக்கிறது என்பதை மட்டும். சிக்னல் வயர், சென்சாருக்கு மின்சாரம் தரும் 5 வோல்ட் வயரோடு ஒட்டியிருக்கலாம், எர்த் (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வயர்) அறுந்திருக்கலாம். சென்சார்தான் கெட்டது என்று அதில் எங்கும் இல்லை.

எர்த்தை முதலில் பாருங்கள் என்று அடித்துச் சொல்வேன். கனெக்டரைக் கழற்றிவிட்டு மீட்டரில் கன்டினியூட்டி (வயர் அறுந்திருக்கிறதா என்ற சோதனை) பார்த்தால் ஏமாறுவீர்கள். பல மீட்டர்கள் சில பத்து ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். கழற்றும்போதே பின்னில் படிந்த பச்சைக் களிம்பு உரசிப் போய், கோளாறு தற்காலிகமாக மறைந்தும் விடும். கனெக்டர் மாட்டியபடியே, சாவி ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில், பின்பக்கமாக மெல்லிய ஊசி செருகி, சென்சார் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள். 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.1-ஐத் தாண்டினால் அங்கேயே தேடுங்கள்.

காரணத்தையும் புரிந்துகொள்ளுங்கள், வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். 0.5 முதல் 4.5 வோல்ட் வரை 0–1800 பார் (அழுத்த அலகு) காட்டும் சென்சார் என்று வையுங்கள். எர்த்தில் 0.6 வோல்ட் விழுந்தால், அழுத்தமே இல்லாதபோதும் சிக்னல் 1 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். இன்ஜின் ஓடாமலே ஸ்கேனர் 200 பாருக்கு மேல் காட்டும். இசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) அதை நம்பி, ரயிலில் போதிய அழுத்தம் ஏறாமலே இன்ஜெக்டரைத் திறக்கும். ஸ்டார்ட் ஆகத் திணறும். ஓடும்போதோ உண்மையான அழுத்தத்தைக் குறைத்துவிடும், இழுவை போய்விடும். இவ்வளவும் கோடே வராமல்கூட நடக்கலாம்.

மற்றவை சுருக்கமாக:

- கோளாறுக் கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃபிரேமைக் (கோளாறு பதிவான நேரத்தில் இருந்த அளவுகள்) குறித்துக்கொள்ளுங்கள். அழித்தால் அதுவும் போய்விடும்.
- பேட்டரி ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் குறைந்தால் முதலில் சார்ஜ்.
- ஒரே நேரத்தில் பல சென்சார் கோடுகள் வந்தால் 5 வோல்ட் லைனைப் பாருங்கள். ஒவ்வொரு சென்சாராகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அங்கேதான் ஷார்ட். எதற்கும் திரும்பவில்லையென்றால் வயரிங்கைப் பாருங்கள்.
- இரண்டு வயர் கூலன்ட் சென்சார்: கழற்றினால் ஸ்கேனர் -40 டிகிரி பக்கம் போகவேண்டும், இரண்டு பின்னையும் இணைத்தால் உச்ச வெப்பம் காட்டவேண்டும். இரண்டும் சரியானால் வயரிங்கும் இசியூவும் நலம், சென்சாரை மாற்றலாம். மூன்று வயர் சென்சாரில் இப்படி இணைக்கவே கூடாது.
- சாவி ஆன், இன்ஜின் ஆஃப்: மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்டவேண்டும், கடல்மட்டத்தில் சுமார் 100 கிலோபாஸ்கல்.

மீட்டரின் தடித்த முனையைத் துளையுள்ள பெண் பின்னுக்குள் திணிக்காதீர்கள். பின் விரிந்து, பிடிப்பு போய், நீங்களே இன்னொரு கோளாறு வைத்தவர் ஆவீர்கள். வயரின் தோலைக் குத்தினாலும் ஈரம் உள்ளே இறங்கி அரிக்கும்.

இன்ஜின் ஓடும்போது உயரழுத்தக் குழாயில் கைவைக்கவே வேண்டாம். அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அணைத்த பிறகும் அழுத்தம் இறங்கும் வரை நட்டைத் தளர்த்தாதீர்கள். ஓடும் இன்ஜினில் இன்ஜெக்டர் கனெக்டரையும் தொடாதீர்கள், அங்கே வருவது 12 வோல்ட் அல்ல.

சரிசெய்த பின் கோடை அழித்து, இன்ஜின் ஆஃபில் ரயில் அழுத்தம் 0 பக்கம் நிற்கிறதா, ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஓட்டத்தில்) இசியூ கேட்ட அழுத்தமும் ரயிலில் கிடைத்த அழுத்தமும் ஒட்டிப் போகின்றனவா என்று பாருங்கள். அப்படியே வயரிங் கட்டைக் கையால் அசையுங்கள். எண் துள்ளினால் வேலை முடியவில்லை.