உங்க ஊர்ப் பொண்ணுதானே, உங்களுக்குத் தெரியாதா?

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சிட்டா எடுக்க, ஆதாரில் பெயர் திருத்த, கரண்ட் பில் கட்ட என்று வருகிறவர்களில் தினமும் ஒருத்தராவது மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்டுவிடுவார்கள்: "அக்கா, சாய் பல்லவி படம் எப்பங்க வருது?" கல்லாவுக்குப் பின்னால் அவர் படத்தை நானே பிரிண்ட் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன், அது ஒரு காரணம். நான் படுகர் வீட்டுப் பெண் என்பது இன்னொரு காரணம். அவரும் படுகர், பிறந்ததும் கோத்தகிரியில்தான். அவ்வளவுதான், நான் ஏதோ அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கதை கேட்டுவிட்டு வருகிற மாதிரி எல்லாருக்கும் ஒரு நினைப்பு.

உண்மை என்னவென்றால் அவர் வளர்ந்தது கோவையில், டாக்டருக்குப் படித்தது ஜார்ஜியாவில், நான் அவரை நேரில் பார்த்தது இல்லவே இல்லை. எங்கள் அம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்கு வந்து வெள்ளை முண்டு கட்டி அவர் எடுத்துக்கொண்ட படங்களைக்கூட எல்லாரையும் போல நானும் போனில்தான் பார்த்தேன். "நீ அன்னிக்குக் கோயில்ல இல்லையா?" என்று கேட்கிறார்கள். இருந்தேன், கூட்டத்தில் எனக்கு முன்னால் நின்றவரின் முதுகுதான் தெரிந்தது.

2015ல் பிரேமம் வந்தபோது எனக்கு மலையாளம் சுத்தமாகப் புரியாது. ஆனால் பரு தெரிய, மேக்கப் இல்லாமல், மலர் என்று தமிழ் பேசுகிற ஒரு டீச்சர் வந்து நின்றார். எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிற ஒரு அக்கா மாதிரியே இருந்தார். அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை.

ஆனால் இவருக்கு ரசிகையாக இருக்க ரொம்பப் பொறுமை வேண்டும். பெரிய ஹீரோவின் ரசிகர்களுக்கு வாரத்துக்கு ஒரு போஸ்டர், ஒரு பாட்டு, ஒரு சண்டை என்று ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு 2022 ஜூலையில் கார்கி வந்தது, அப்புறம் 2024 அக்டோபர் 31 அன்று அமரன். நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில்தான் வதந்தி நன்றாக வளரும், மழை பெய்த மறுநாள் காளான் மாதிரி. 2023ல் ஒரு படப் பூஜையில் மாலையோடு நின்ற போட்டோவைப் பாதி வெட்டி, டைரக்டரோடு ரகசியக் கல்யாணம் என்று பரப்பினார்கள். அன்று கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. "சொல்லவே இல்லையேம்மா, எந்த ஹட்டி மாப்பிள்ளை?" என்று ஒரு பெரியவர் நிஜமாகவே கோபித்துக்கொண்டார். ஹட்டி என்றால் படுகர் கிராமம். அது அமரன் பட பூஜை, அவ்வளவுதான். அடுத்த வருஷம் ராமாயணத்தில் சீதையாக நடிப்பதற்காக அசைவத்தை விட்டுவிட்டார் என்று இன்னொன்று. அவர் ஏற்கெனவே சைவம். அவரே வெளிப்படையாக மறுத்து, இனி இப்படி எழுதினால் சட்டப்படி பார்த்துக்கொள்வேன் என்று சொன்னார். நான் அதை பிரிண்ட் எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். கொஞ்சம் ஓவர்தான், தெரியும்.

இப்போது எல்லாரும் கேட்பது அந்த ராமாயணத்தைத்தான். நித்தேஷ் திவாரி இயக்கம், ரன்பீர் கபூர் ராமர், யாஷ் ராவணன், இசைக்கு ரஹ்மானோடு ஹான்ஸ் ஸிம்மரும். இரண்டு பாகம்: முதல் பாகம் 2026 தீபாவளிக்கு, இரண்டாவது 2027 தீபாவளிக்கு என்று அறிவித்திருக்கிறார்கள். 2024ல் ஷூட்டிங்கில் திருட்டுத்தனமாக எடுத்த படங்கள் வெளியே வந்தபோது நான் யாருக்கும் அனுப்பவில்லை, பார்த்தேன், பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். 2025 ஜூலை 3 அன்று முதல் வீடியோ வந்தது. கடையை அரை ஷட்டர் இறக்கிவிட்டு உட்கார்ந்து பார்த்தால் ராமர் இருக்கிறார், ராவணன் இருக்கிறார், சீதை முகத்தை மட்டும் காட்டவே இல்லை. என் தம்பி சொன்னான், "டீசர்லயே தூக்கிட்டுப் போயிட்டான் போல." அவனோடு இரண்டு நாள் பேசவில்லை.

நடுவில் ஜுனைத் கானோடு ஏக் தின் என்ற இந்திப் படமும் உண்டு, ஜப்பான் பனியில் எடுத்தது. முதலில் 2025 நவம்பர் என்றார்கள், தள்ளிப்போனது. தள்ளிப்போனதற்கும் கடையில் என்னிடம்தான் விளக்கம் கேட்டார்கள்.

எனக்கு உண்மையில் இருக்கிற ஒரே கவலை வேறு. ஃபிதாவில் அவர் தெலுங்கு கற்றுக்கொண்டு சொந்தக் குரலில் பேசினார், தெலங்கானாப் பேச்சு வழக்கு, ஊரே கொண்டாடியது. அப்படிப்பட்டவர், தமிழில் வரும் சீதைக்கு வேறு யாரோ குரல் கொடுத்தால் எனக்குத் தாங்காது. ராமாயணம் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான். கிராபிக்ஸ் எப்படி இருந்தால் என்ன, அவர் வாயைத் திறக்கும்போது அவர் குரல் வர வேண்டும். என் பாட்டிக்கும் அதேதான், ஆனால் அவருக்குக் காரணம் வேறு: இந்தி புரியாது. எங்கள் பேச்சில் பாட்டியை ஹெத்தெ என்போம், நாங்கள் கும்பிடும் அம்மனின் பெயரும் அதுதான், அதனால் எங்கள் வீட்டு ஹெத்தெ கொஞ்சம் அதிகாரமாகவே பேசுவார். "நம்ம புள்ள நம்ம காதுக்குப் புரியற மாதிரிப் பேசட்டும்" என்று என்னிடம் உத்தரவு போடுகிறார், நான்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்பது போல.

அமரனுக்கு ஹெத்தெயையும் கூட்டிக்கொண்டுதான் மலை இறங்கினோம். மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், ஐப்பசி மழை, வளைவுக்கு வளைவு மண் கரைந்து ரோட்டில் கிடந்தது. படத்தில் இந்து ரெபேக்காவாக வரும் சாய் பல்லவி உடைந்து அழும்போது ஹெத்தெ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ அழுதா எனக்குத் தாங்கல, எந்திரி போலாம்" என்றார். இடைவேளைகூட முடிந்துவிட்டது, எங்கே எழுந்து போவது.

2026 தீபாவளி நவம்பர் 8. அதுவும் மழைக்காலம்தான், ரோடு இருக்குமா என்பதே அன்று காலைதான் தெரியும். இருந்தாலும் ஜீப்புக்கு இப்போதே ஆறு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். கேள்வி கேட்பவர்களுக்காக ஏ4 தாளில் பெரிய எழுத்தில் "சீதை படம்: தீபாவளிக்கு" என்று அடித்துக் கல்லாவுக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறேன். நேற்று ஒருத்தர் அதை முழுசாகப் படித்துவிட்டு, "சரிங்க அக்கா, எந்தத் தேட்டர்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.