தொடையில் தட்டி ஒரு காதல் ஆட்டம்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் யூடியூபை மேய்ந்தபோது மாட்டியது ‘ஷூபிளாட்லர்’. ஆல்ப்ஸ் மலைப்பக்கம், ஜெர்மனியின் பவேரியாவிலும் ஆஸ்திரியாப் பக்கத்து டிரோலிலும் ஆடும் ஆட்டம். தோல் அரைக்கால் டிரவுசர் போட்ட ஆண்கள் தொடையிலும் முட்டியிலும் ஷூவின் அடியிலும் பளார் பளாரென்று அடித்துக்கொள்கிறார்கள். அக்கார்டியன் ஒன்று-இரண்டு-மூன்று என்று போகிறது. லெண்ட்லர் என்ற அந்த ஊர் நாட்டுப்புற ஆட்டத்தின் தாளம், ஜோடியாகச் சுழன்றாடும் வால்ட்ஸுக்கு அக்கா முறை. பெண்கள் எதையும் கண்டுகொள்ளாமல் தன்பாட்டுக்குச் சுழல்கிறார்கள்.

பெட்டையை மயக்கக் குதித்துச் சிறகடிக்கும் காட்டுச் சேவலைப் பார்த்துப் பிறந்த ஆட்டம் என்று அங்கே சொல்வார்கள். கதையாகவே இருக்கட்டும், பார்த்தால் நம்பத் தோன்றுகிறது! 11ஆம் நூற்றாண்டின் ‘ருவோட்லீப்’ என்ற லத்தீன் காவியத்திலும் ஒரு ஜோடி ஆடுகிறது: அவன் வல்லூறு போலச் சுற்ற, அவள் தகைவிலான் குருவி போலச் சுழல்கிறாள். அதுதான் இதற்கு மூலம் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிச்சலில்லை. ஆனால் பறவை அப்போதே வந்துவிட்டது, பாருங்கள்.

நடுவில் அந்தத் தோல் உடையே வழக்கொழியப் பார்த்தது. 1883இல் பவேரியாவின் பைரிஷ்செல் ஊர்ப் பள்ளி ஆசிரியர் யோசஃப் ஃபோகல் நாலு பேரைச் சேர்த்து அதைக் காக்கச் சங்கம் வைத்தார். அந்த மாதிரிச் சங்கங்கள்தான் ஆட்டத்தையும் பிழைக்க வைத்தன.

நானும் ரெண்டு நிமிஷம் முயன்றேன். பக்கத்து அறையிலிருந்து அம்மா, “கொசுவத்தி ஏத்திக்கோடா” என்றார்.