சேலைத் தலைப்பும் செய்தித் தலைப்பும்

நாளிதழ் அலுவலகத்தில் குடியரசு தினத்துக்கு முந்தைய இரவு யாருக்கும் நிம்மதியாக இருக்காது. பத்ம விருதுப் பட்டியல் அப்போதுதான் வரும். பக்கங்களை முடிக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருக்கும். பெயர்களோ நூறைத் தாண்டும். 2021ஆம் ஆண்டு 119 பேர். எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு பத்ம விபூஷண். அவர் மறைந்து சரியாக நான்கு மாதம் ஆகியிருந்தது. முதல் பக்கம் அவருக்கு என்பதில் எங்களில் ஒருவருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. சித்ராவுக்கு பத்ம பூஷண், பாம்பே ஜெயஸ்ரீக்கு பத்மஸ்ரீ என்று அந்த இரவே பாட்டால் நிறைந்திருந்தது.

அதே பட்டியலில் ‘மாதா பி. மஞ்சம்மா ஜோகதி, கலை, கர்நாடகா’ என்று ஒரு வரி. விருது பெறுவோரில் 29 பேர் பெண்கள், ஒருவர் மாற்றுப்பாலினத்தவர் என்ற கணக்கையும் அரசுக் குறிப்பில் சேர்த்திருந்தார்கள். அந்த ஒருவர் யார் என்று தேடிப்பிடித்து, ‘திருநங்கைக்கு பத்மஸ்ரீ’ என்று தலைப்பிட்டு மூன்று வரி எழுதினேன். நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தேன்.

பிழை திருத்தும் பிரிவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். தாளோடு எழுந்து என் மேசைக்கு வந்தார். “தம்பி, இந்த அம்மா பாடுகிறவரா, ஆடுகிறவரா?” என்று கேட்டார். “கலை என்று போட்டிருக்கிறது, அண்ணே” என்றேன். “எதற்காக விருது என்று மற்ற எல்லோருக்கும் எழுதியிருக்கிறாயே” என்றார். அவ்வளவுதான். தேட நேரமில்லை; பக்கம் போய்விட்டது. மறுநாள் காலை அந்த மூன்று வரியை அச்சில் பார்த்தபோது மனம் கூசியது.

அதன் பிறகுதான் மஞ்சம்மாவைப் பற்றித் தெரிந்துகொண்டேன். பல்லாரிப் பகுதியில் பிறந்தவர். பெண்ணாகத் தன்னை உணர்ந்த அவரை, சிறு வயதிலேயே வீட்டார் ஹுலிகெம்மா கோயிலில் கொண்டுபோய், எல்லம்மா என்ற அம்மனுக்கு நேர்ந்துவிடப்படும் ஜோகதியாக்கிவிட்டார்கள். வீடு போயிற்று, பிச்சை எடுத்தார், உயிரை விடவும் துணிந்தார். தாவணகெரே பஸ் நிலையத்தில் ஒருநாள் தந்தை பாட, மகன் தலையில் குடம் வைத்து ஆடுவதைப் பார்த்தார். அந்த ஆட்டம்தான் அவரைப் பிடித்து நிறுத்தியது. பிறகு காளவ்வ ஜோகதியிடம் முறையாகக் கற்றார். தெருவிலும் கோயில் வாசலிலும் இருந்த எல்லம்மா பாடல்களையும் ஜோகதி ஆட்டத்தையும் மேடைக்குக் கொண்டுவந்தார். 2019இல் நாட்டுப்புறக் கலைகளுக்கான கர்நாடக ஜானபத அகாடமிக்குத் தலைவரானார். இவ்வளவையும் நான் ‘திருநங்கை’ என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கியிருந்தேன். அந்தச் சொல்லில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பாட்டைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால், விருது அவருடைய உழைப்புக்கு என்பது மறைந்துவிடுகிறது.

அமெரிக்காவில் தன்பால் ஈர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினருக்கு மதிப்புத் தேடித்தரும் இசைக் கலைஞர்களுக்கும் விருது வழங்கும் ‘கிளாட்’ அமைப்பு, 1985இல் நியூயார்க்கில் பிறந்தது. எய்ட்ஸ் பற்றி ஒரு பத்திரிகை எழுதிவந்த விதத்தைப் பொறுக்க முடியாமல் எழுந்த கோபம்தான் அதன் தொடக்கம். செய்தி எழுதிச் சம்பளம் வாங்கும் எனக்கு இது சாதாரணத் தகவல் அல்ல. 2018இல் அந்த அமைப்பு ராப் பாடகர் ஜே-சியின் தாய் குளோரியா கார்ட்டரைச் சிறப்பித்தது. மகனின் பாடல் ஒன்றில், தான் பெண்ணை நேசிப்பவள் என்பதைத் தன் குரலிலேயே சொன்னவர் அவர். அங்கே பாட்டும் வாழ்க்கையும் ஒரே மூச்சில் வந்தன. மஞ்சம்மாவிடமும் அப்படித்தான், பிரித்து எழுதியது நான்.

விருது வழங்கும் விழா அந்த ஆண்டு நவம்பர் 9 அன்று நடந்தது. குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் முன்னால் வந்து நின்ற மஞ்சம்மா, சேலைத் தலைப்பைக் கையில் எடுத்து அவருக்குத் திருஷ்டி கழித்தார். குழந்தைக்கு நம் பாட்டிமார் செய்வதைப் போல, அத்தனை இயல்பாக. வாழ்த்து கேட்டு ஜோகதிகளைத் தேடிப்போகும் ஊர்க்காரர்களுக்கு அவர்கள் செய்வது அது; நாட்டின் முதல் குடிமகனுக்கும் அதையே செய்தார். அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை.

இந்த முறை காலையிலேயே எழுத உட்கார்ந்தேன். பல்லாரிப் பக்கம் வேலை பார்த்த நண்பரிடம் பேசி, எல்லம்மா பாடலுக்கு வாசிக்கும் வாத்தியத்தைப் பற்றிக் கேட்டேன். மர உருளை, அடியில் தோல், அதிலிருந்து இழுத்துக் கட்டிய ஒற்றை நரம்பு. அக்குளில் இடுக்கிக்கொண்டு நரம்பை மீட்டுவார்கள். நண்பர் அதன் ஒலியைத் தொலைபேசியில் ஒலிக்கவிட்டார். அடிவயிற்றிலிருந்து எழும் விம்மல் போல இருந்தது. ‘எல்லம்மா பாட்டுக்கு பத்மஸ்ரீ’ என்று தலைப்பு வைத்தேன். திருநங்கை என்பதும் அவர் பட்ட பாடும் செய்தியின் உள்ளே முழுமையாக வந்தன. பிழை திருத்தும் அண்ணன் படித்துவிட்டு ஓர் ஒற்றுப்பிழையை மட்டும் திருத்தி அனுப்பினார்.

மறுநாள் ஓசூரிலிருந்து வயதான வாசகர் ஒருவர் அழைத்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவராம். “ஐயா, அந்த வாத்தியத்தின் பெயரைச் சௌதிகை என்று போட்டிருக்கிறீர்கள். அது சௌடிகெ. எங்கள் அப்பா அந்தப் பாட்டுக்காகவே சவதத்தி எல்லம்மா கோயில் வரை போவார்” என்றார். கால் மணி நேரம் பேசினார். பேச்சு முழுக்க அந்த வாத்தியத்தைப் பற்றியும் அந்தப் பாட்டைப் பற்றியும்தான். திருத்தத்தைக் குறித்துக்கொண்டு அண்ணனின் மேசைக்குப் போனேன்.