அறுவடை நேரத்து விண்ணப்பம்

தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் திருவாரூருக்கு வந்தது 2009இல். நீலக்குடிப் பக்கம் வெட்டாற்றங்கரையில் கட்டடங்கள் எழுந்தபின் சுற்றுவட்டார ஊர்களில் என்ன மாறியது என்று என்னைக் கேட்டால், முதலில் டீக்கடையைத்தான் சொல்வேன். கேரளம், ஒடிசா, பீகார் என்று எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் வந்து நின்றார்கள். எந்த ஊர்ப் பிள்ளைக்குச் சர்க்கரை தூக்கலாக வேண்டும், எவன் மாதக் கடைசியில் கடன் சொல்வான் என்பதெல்லாம் கடைக்கார அக்காவுக்கு அத்துப்படி. வசதி இருந்தவர்கள் மாடியில் அறை எடுத்து வாடகைக்கு விட்டார்கள். நடவுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் சிலர் வளாகத்துத் தோட்ட வேலைக்கு வந்தார்கள். நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நிலக்காரர்கள் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் எங்களைத் திட்டினார்கள். திட்டட்டும், மாதச் சம்பளம் என்பதை அந்தப் பெண்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் வகுப்பறைக்குள் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர்? சேர்க்கைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி ஒவ்வொரு மே மாதமும் நேரில் வந்து நிற்கும். பிளஸ் டூ முடிவு வந்ததுமே மதிப்பெண் பட்டியலோடு வருவார்கள்.

"தம்பி, புள்ள அறுநூத்துக்கு ஐநூத்து நாப்பது வாங்கியிருக்கு. வீட்டு வாசல்லயே காலேஜ். எப்படியாவது சேத்து விட்டுடுங்க."

2022 முதல் இளநிலைப் படிப்புகளுக்கு க்யூட் என்னும் பொது நுழைவுத்தேர்வு வந்துவிட்டது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் கிடையாது. அந்தத் தேர்வு வேண்டாம் என்று அவ்வாண்டு ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானமே போட்டது. தமிழிலும் எழுதலாம், உண்மைதான். ஆனால் கேள்விகள் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடத்தை ஒட்டியவை, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் படிப்பதோ மாநிலப் பாடம். இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் விண்ணப்பிக்கும் காலம். பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச். டெல்டாவில் அப்போது சம்பா அறுவடை முடிந்தும் முடியாமலும் இருக்கும். அறுத்த நெல் தார்ச்சாலையில் காயும். வீட்டில் இருப்பவர்கள் அரசு நெல் கொள்முதல் நிலைய வாசலில் படுத்துக் கிடப்பார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள், மழை வந்தால் தார்ப்பாய் போட ஆள் வேண்டும். அந்த நேரத்தில் இணையத்தில் வரும் அறிவிப்பை யார் பார்ப்பது?

ஊரோடு உறவு என்று நாங்கள் நடத்தியவை மரம் நடுவிழா, மருத்துவ முகாம், விழிப்புணர்வுப் பேரணி. அவற்றைக் குறை சொல்லவில்லை. புகைப்படங்கள் நன்றாகவே வந்தன.

பிறகு ஒரு வருடம், முதுகலை மாணவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு சாயங்காலத்தில் கொள்முதல் நிலையத்துக்கே போனேன். நெல் குவியலுக்குக் காவலிருந்த அப்பாக்களிடம் விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்குப் போன் பறந்தது. பிள்ளைகள் ஆதார் அட்டையோடு சைக்கிளில் வந்தார்கள். சாக்கு மூட்டை மேல் செல்போனை வைத்துப் படிவம் நிரப்பினோம். கையெழுத்தைப் படமெடுத்து, கேட்ட அளவுக்குச் சுருக்கி ஏற்றுவதற்குள் உயிர் போய்விட்டது. கட்டணத்தை நெல் பணம் வந்ததும் தருகிறேன் என்றார் ஒருவர். ஒரு மாணவன் தன் கைக்காசைக் கட்டினான். பணம் வந்த அன்றே அவர் தேடிவந்து கொடுத்துவிட்டார், கூடவே ஒரு மரக்கால் அரிசி.

அப்படி எழுதிய பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு பெண் மட்டும் வேதியியலில் சேர்ந்தாள். அவள் தம்பி இப்போது பிளஸ் ஒன், என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் நூலகத்தில் கிடைக்குமா என்று கேட்டு வந்தான். வெளியாருக்குப் புத்தகம் தர விதியில் இடமில்லை. அக்காவின் அட்டையில் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.