இரண்டு நாள் மதுரை: நடை சாத்தும் நேரத்தை வைத்துத் திட்டமிடுங்கள்

மீனாட்சி அம்மன் கோயில் நடை மதியம் 12.30 மணி வாக்கில் சாத்தினால் மறுபடி 4 மணிக்குத்தான் திறக்கும். வெளியூர்க்காரர்களின் மதுரைப் பயணம் பெரும்பாலும் கெடுவது இந்த மூன்றரை மணி நேரத்தால்தான். காலையில் ரயிலை விட்டு இறங்கி, குளித்து, டிபன் முடித்து, 11 மணிக்கு வரிசையில் போய் நின்றால் கிடைப்பது அவசர தரிசனம். பொற்றாமரைக் குளத்தில் உட்கார நேரம் இருக்காது, சிற்பங்களை நின்று பார்க்கவும் முடியாது.

கோயிலுக்கு இரண்டு தடவை போகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை காலை 5 மணிக்கு நடை திறந்ததும், இன்னொரு முறை இரவு பள்ளியறை பூஜைக்கு. இரவு 9 மணி வாக்கில் சுவாமி பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு எழுந்தருள்வதைப் பார்க்காமல் ஊர் திரும்பாதீர்கள். காலையில் கீழச்சித்திரை வீதிப் பக்கம் அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழைந்தால் பொற்றாமரைக் குளம், அம்மன் சன்னதி, முக்குறுணி விநாயகர், சுவாமி சன்னதி என்று வரிசையாக வரும். இங்கே அம்மனுக்குத்தான் முதல் தரிசனம். சுவாமி சன்னதியில் கால் மாறி ஆடும் நடராஜரையும், வெளியே கம்பத்தடி மண்டபத்துத் தூண்களையும் அவசரப்படாமல் பாருங்கள். ஆயிரங்கால் மண்டபத்துக்குத் தனியாக ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

2018 முதல் உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை. வாசலில் உள்ள பாதுகாப்பு அறையில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மேலக் கோபுரத்தில் செருப்பையும் போனையும் விட்டுவிட்டுத் தெற்கு வாசலில் வெளியே வந்தால், கொதிக்கிற கல்தளத்தில் வெறுங்காலோடு பாதிச் சுற்று நடக்க வேண்டியதுதான். நுழைந்த வாசலிலேயே வெளியே வாருங்கள். கூட வருபவர்கள் பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்பதைப் போனைக் கொடுக்கும் முன்பே பேசி வையுங்கள். அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை போட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வழி தெரியாமல் போகுமோ என்ற பயமே வேண்டாம். கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரம் சதுரமாக ஓடுகின்றன. வெளி வீதியில் நின்றால் கோயிலை விட்டு எட்ட இருக்கிறீர்கள், ஆவணி மூல வீதி என்றால் நெருங்கிவிட்டீர்கள். ரயில் நிலையமும் பெரியார் பேருந்து நிலையமும் மேலவெளி வீதிப் பக்கம். டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி பக்கம் அறை எடுத்தால் மேலக் கோபுரத்துக்கு நடந்தே போய்விடலாம். சித்திரை வீதிகளில் வண்டிக்கு அனுமதி இல்லாததால் ஆட்டோ பிடித்தாலும் கடைசித் தூரம் நடைதான். ஆட்டோவில் மீட்டரை எதிர்பார்க்காதீர்கள், ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.

நடை சாத்தியிருக்கும் நேரத்துக்கு மகால் இருக்கிறது. 1636-இல் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையில் இன்று மிஞ்சியது ஒரு பகுதிதான், அதுவே அண்ணாந்து பார்க்க வைக்கும். பிறகு தமுக்கம் பக்கம் ராணி மங்கம்மாள் அரண்மனையில் உள்ள காந்தி மியூசியம். அங்கே மதிய இடைவேளை உண்டு, 2 மணிக்கு மேல் போங்கள். காந்தி 1921 செப்டம்பரில் அரையாடைக்கு மாறிய வீடு மேலமாசி வீதியில் இருக்கிறது. கோயிலுக்குப் போகும் வழியிலேயே பார்த்துவிடலாம்.

இரண்டாம் நாள் காலையில் ஊருக்கு வெளியே ஒரே ஓர் இடம் போதும். கீழக்குயில்குடி சமணர் மலைக்கு என் ஓட்டு. 6 மணிக்கெல்லாம் அடிவாரத் தாமரைக் குளத்தருகே நின்றால் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். பாறை சூடேறிய பிறகு அங்கே ஒதுங்க நிழல் குறைவு. மேலே கடை கிடையாது, தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். திரும்ப ஆட்டோ கிடைப்பது கஷ்டம் என்பதால் போன ஆட்டோவையே காத்திருக்கச் சொல்லுங்கள். மலை ஏற முடியாதவர்கள் 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ராமேஸ்வரத்தையும் கொடைக்கானலையும் இதே இரண்டு நாளில் திணித்தால் பேருந்து ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

சாப்பாட்டுக்கும் நேரம் உண்டு. கறி தோசை பெரும்பாலான கடைகளில் சாயங்காலத்துக்கு மேல்தான் கல்லில் விழும். பருத்திப்பால் காலையிலும் மாலையிலும் தள்ளுவண்டியில் கிடைக்கும். ஜிகர்தண்டாவில் பாலைப் பாருங்கள்: சுண்டக் காய்ச்சிய பால் லேசான பழுப்பு நிறத்தில் இருக்கும். பளீரென்று வெள்ளையாக இருந்தால் காய்ச்சியது போதாது, இனிப்பு மட்டுமே நாக்கில் நிற்கும். வயிறு முட்டப் பரோட்டா தின்ற கையோடு குடிக்காதீர்கள், இரண்டுமே பாழ்.

சுங்குடிச் சேலை வாங்குபவர்கள் புள்ளியைக் கவனியுங்கள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதில் புள்ளிகள் ஒரே அளவில் இருக்காது, முடிச்சு இருந்த இடம் லேசாகப் புடைத்திருக்கும். அச்சுப் போட்டதையும் சுங்குடி என்றுதான் விற்கிறார்கள், அதற்குக் கைமுடிச்சு விலை கொடுக்க வேண்டாம். மல்லிகையை ஊருக்குக் கொண்டுபோவதானால் விரியாத மொட்டாக வாங்கி வாழையிலையில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் வியர்த்துப் பழுத்துவிடும். முகூர்த்த நாட்களிலும் மார்கழி, தை பனிக்காலத்திலும் விலை எகிறும்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருவது வேறு கதை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளையொட்டி அறை கிடைக்காது, பாதிச் சாலைகளில் வண்டி போகாது. நிதானமாக ஊரைப் பார்க்க நினைப்பவர்கள் அந்த வாரத்தையும், ஐயப்ப பக்தர்கள் திரளும் மார்கழியையும் தவிர்த்துவிடலாம்.

கிளம்பும்போது பேருந்து நிலையத்தை மாற்றிப் போய்விடாதீர்கள். சென்னை, திருச்சி, திருநெல்வேலி, ராமேஸ்வரம் வண்டிகளுக்கு மாட்டுத்தாவணி. திண்டுக்கல், தேனி, கோவை, சேலம் வண்டிகளுக்கு ஆரப்பாளையம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாலை நெரிசலில் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம்.